தலைகீழ் ஆறு

ஃபுளோரிடா, கிஸ்ஸிம்மி,
நெடுஞ்சாலை நூற்றுத் தொண்ணூற்றிரண்டு.
எங்கள் மோட்டலின் விலை
ஒரு நீளக் கழியின் நுனியில் இருக்கிறது.
ரப்பர் குமிழில் எண்ணைக் கவ்வவைத்துத் தூக்கி
பலகையில் செருகுவேன்.
மார்ச்சில் நாற்பத்தொன்பது.
ஈஸ்டர் முடிந்ததும் நாற்பத்தைந்து.
ஜூனிலிருந்து முப்பத்தொன்பது.
அந்த ஒன்பது உண்மையில் ஒரு ஆறு;
அசல் ஒன்பது போன புயலில் உடைந்தது.

எதிர்ச்சாரி பெலிக்கன் இன் ஒரு டாலர் இறங்கினால்
முதலாளி ராண்டல் க்ரூக்ஷாங்க்
கண்ணாடியை மோதிரத்தால் தட்டுவார்.
நான் கழியை எடுப்பேன்.

நாலு மைல் உள்ளே, பூங்காவின் வேலிக்கு அப்பால்,
ஏரிக்கரை ஓட்டல்.
முந்நூற்று நாற்பது, வரி தனி.
துவாலையை அன்னமாக மடித்து
மெத்தையில் உட்கார வைத்திருப்பார்களாம்.
அங்கே விலைக்குக் கழி கிடையாது.
அதை ஏற்றி இறக்குகிறவள்
எங்கள் இருபத்திரண்டாம் அறையில் இருக்கிறாள்,
வார வாடகைக்கு.
இவெலிஸ் ஃபொன்டானெஸ்.
பிப்ரவரியில் பாங்க் அவள் வீட்டை எடுத்துக்கொண்டது.
சாவியைக் கொடுத்த அன்றுகூட லீவு போடவில்லை;
ஜூலை மாதத்துக்கு விலை வைக்கிற நாளாம் அது.

ஐஸ் இயந்திரத்தருகே ஒருநாள் கேட்டேன்:
பாதி அறை காலியாமே,
குறைத்தால்தான் என்ன?
"எண்ணைத் தொடமாட்டோம்.
நாலாம் ராத்திரி இலவசம்னு சொல்லுவோம்,
சாப்பாடு இலவசம்னு சொல்லுவோம்.
ஒருதடவை இருநூறைப் பார்த்த கண்ணு
அப்புறம் முந்நூறை நம்பாது."
யானை படுத்தாலும் குதிரை மட்டம்.
நாங்கள் படுத்தால் தரை மட்டம்.
பிறகு, குரல் மாறாமல்,
"என் வாடகையில பத்து டாலர் குறைப்பாரா?" என்றாள்.
ராண்டலைக் கேட்கிறேன் என்றேன்.
கேட்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு சாயங்காலம் மழை, பேய்க்காற்று.
பலகையிலிருந்து ஒன்பது மட்டும் பறந்துபோனது.
நான் ஏழாம் அறையில்
ஒழுகலுக்கு வாளி வைத்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பதரைக்கு ஒரு வேன். ஒஹாயோ பதிவெண்.
பின்கண்ணாடி முழுக்கத் தலையணை.
லைல் வோக்ட் என்று அட்டையில் எழுதினான்.
தொழில் என்ற கட்டத்தில் கண்ணாடி என்று எழுதி
குறுக்கே கோடு போட்டான்.
மூன்று ஒற்றை டாலர் தாள்,
மூன்றும் ஈரம்,
ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தான்.
"போர்டுல மூணுன்னு இருக்கு."
சிரிக்கவில்லை.
எட்டிப் பார்த்தேன். மூணுதான் இருந்தது.

வேனுக்குள் ஒரு சின்னப்பெண்
பூங்கா வரைபடத்தை விளக்கடியில் பிடித்திருந்தாள்.
நுழைவுச்சீட்டு போன வருஷமே வாங்கியது,
திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன்கிறார்கள் என்றான்.
மற்றபடி ரொட்டி, வேர்க்கடலை வெண்ணெய்,
பெட்ரோலுக்கு எண்ணி வைத்த பணம்.

அவனுக்குப் பின்னால் இவெலிஸ்,
கையில் ஐஸ் வாளி,
மார்பில் இன்னும் கழற்றாத பெயர்வில்லை.
விலை தெரிந்தவள் அவள்,
ஏதாவது சொல்லட்டும் என்று பார்த்தேன்.
"எண்ணு தப்பாப் போயிட்டா
போன விலைக்கே கொடுக்கணும். அதுதான் சட்டம்."
"எந்த ஊர்ச் சட்டம்?"
"எங்க ஓட்டல்ல."

பதினொன்றாம் அறைச் சாவியைத் தள்ளினேன்.

மீதி முப்பத்தாறை ராண்டல்
என் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்.
அந்த வாரமும் இவெலிஸ் முழு வாடகை கொடுத்தாள்.
பத்து டாலர் பேச்சை
நானும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் எண்ணைத் தேடிப் போனேன்.
ஓடைக்கரையில்,
முதலை நடமாட்டம் என்ற பலகையின் காலடியில்
சேறு பூசிக் கிடந்தது.
சட்டையில் துடைத்துக் கழியில் மாட்டித் தூக்கும்போது
வோக்டின் வேன் வெளியே திரும்பியது.
ஹாரன் அடித்தான். திரும்பிப் பார்த்தேன்,
பார்த்தபடியே செருகிவிட்டேன்.

கீழிருந்து பார்த்தால்
முப்பத்தாறு.

இறக்கலாம் என்று கழியை நீட்டினேன்.
அதற்குள் பெலிக்கன் இன் பையன்
வாசலில் வந்து நின்று
எங்கள் பலகையை ஒருதரம் படித்துவிட்டு
தன் கழியை எடுக்க உள்ளே போனான்.