வயரை நான் வரையவில்லை

பறக்கும் தட்டின் மேல் நிற்கிறானே அந்தப் பையன்,
அவனை வரைந்தவன் நான்தான்.
நியூவர்க்கில், சலவைக்கடைக்கு மேல்மாடி அறை.
படம் ஒன்றுக்கு நாலு டாலர்.
காமிக்ஸின் கடைசிப் பக்கத்தில்
தீப்பெட்டி அளவு இடம் தருவார்கள்.
அதற்குள் ஒரு பையன், ஒரு நாய், ஒரு வானம்
அடங்கியாக வேண்டும்.
"காலுக்கும் தரைக்கும் நடுவே வெளிச்சம் தெரியட்டும்"
என்பார் முதலாளி ஸ்லாட்னிக்.
"வெளிச்சத்துக்குத்தான் காசு."

மூன்று டாலருக்கு இரண்டு சென்ட் குறைவு.
பையன்கள் சில்லறையை அட்டையில் ஒட்டி அனுப்புவார்கள்.
பதிலுக்கு நாங்கள் அனுப்புவது
நான்காய் மடித்த ஒரு தாள்:
மூன்றடி வட்டமாய் ஒட்டுப்பலகை,
பழைய குளியலறைத் திரை,
அம்மாவின் வேக்குவம் கிளீனர்.
அம்மாவைக் கேட்பது பற்றித்
தாளில் ஒன்றும் இல்லை.

கான்சாஸிலிருந்து வெர்லின் ஸ்டக்கி, வயது பதினொன்று,
கோடு போட்ட தாளில் எழுதியிருந்தான்:

ஐயா, எழும்பியது.
ஒரு சீட்டின் கனம்.
என் தங்கை ஆர்லிஸ் ஸ்பேட் ராணியை
அடியில் செருகிப் பார்த்தாள்; போனது.
டைமன் ஏழையும் சேர்த்துச் செருகினாள்;
போகவில்லை.
சமையலறை பிளக்கிலிருந்து பன்னிரண்டு அடி
பறந்தேன். பிறகு வயர் இழுத்தது.
பிறகு அம்மா வந்துவிட்டாள்.
உங்கள் படத்துப் பையன்
வெளியே, புல்லுக்கு மேலே போகிறான்.
அவனுடைய வயர் எங்கே?

பதில் எழுதுவது என் வேலை அல்ல.
புகார்களுக்கென்று ஒரு ஷூ பெட்டி உண்டு,
மாதக் கடைசியில் அது அடுப்புக்குப் போகும்.
இதை ஏனோ சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.
பறந்தேன் என்று எழுதியதை
அவன் அடித்திருக்கவில்லை.

அன்றிரவு அச்சான பக்கத்தை விளக்கடியில் விரித்து,
பையனின் ஷூவுக்கும் தரைக்கோட்டுக்கும் இடையே
மை தொடாமல் நான் விட்டிருந்த வெள்ளையை
அளந்தேன்.
ஒரு சீட்டின் கனம்.
இரண்டாவது சீட்டு நிற்காது.
ஆக, நான் பொய் வரையவில்லை என்று
புரண்டு படுத்தேன்.

வியாழக்கிழமை நீர்மூழ்கிக் கப்பல்.
அட்டையால் ஆனது, இரண்டு பேர் உட்காரலாம்.
அதன் வாலிலிருந்து
சன்னமாய் ஒரு வயர் இழுத்துப்
படத்தின் ஓரம்வரை கொண்டுபோனேன்.
ஸ்லாட்னிக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக் குனிந்தார்.
"இது என்ன, புழுவா?" என்று
வெள்ளை மை எடுத்துத்
தானே மூடினார்.