கேட் மூடியிருக்கும் நேரத்தில்

கொருக்குப்பேட்டை கேட் மூடினால்
எனக்கு இருபது நிமிடம் கிடைக்கும்.
சரக்கு வண்டி வரும் நேரம், போகும் நேரம்,
இன்னொன்று வருமோ என்று
கேட்மேன் யோசிக்கும் நேரம்.
ஸ்கூட்டியை ஆஃப் செய்துவிட்டுத்
தூத்துக்குடிக்குப் போன் போடுவேன்.

ஜூன் முதல் தேதி மைக்கேல்ராஜ் அங்கே சேர வேண்டும்.
அதே கம்பெனி, அதே கன்டெய்னர், வேறு துறைமுகம்.
அவருக்கு அது ஒரு மாற்றல் ஆர்டர்.
எனக்கு, மூன்று கட்டம் போட்ட காலண்டர் தாள்:
எந்தப் பள்ளிக்கு எந்தத் தெரு பக்கம்,
எந்தத் தெருவில் எந்தத் தண்ணீர்,
வாடகை.
டிக்கியில் ரெயின்கோட்டுக்கு அடியில் கிடந்து
மடிப்பில் கிழிந்தேவிட்டது.

மேப்பில் அந்த ஊர்
உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிறது.
வீட்டிலிருந்து பள்ளிக்கு எட்டு நிமிடமாம்.
எட்டு நிமிடத்தில் இங்கே
கேட்டின் சிவப்பு விளக்குகூட அலுக்காது.

புரோக்கர் சொல்கிறார்,
"ஃபேக்டரி இருக்குக்கா, ஆனா
புகை இந்தப் பக்கம் அடிக்காது."
மணலியிலிருந்து காற்று எந்த மாதம் திரும்பும்,
ராத்திரி எத்தனை மணிக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும்,
எல்லாம் ஆல்வினின் நெஞ்சில் காதை வைத்துப் படித்தவள் நான்.
கட்டத்தில் எழுதினேன்: ஆடியில் போய்ப் பார்க்கணும்.
எழுதிய பிறகுதான் உறைத்தது,
ஆடிக்குள் பள்ளி திறந்துவிடும்.

ஒரு வீட்டுக்கார அம்மா. நல்ல குரல்.
மாடிக்குத் தனி மோட்டார், வாசலில் வேம்பு,
பால்காரர் ஐந்தரைக்கே வந்துவிடுவார்.
எல்லாம் சொல்லி முடித்துக் கடைசியில்,
"நீங்க என்ன ஆளுகம்மா?"
"நாலு ஆளுங்க" என்றேன்.
"ரெண்டு பெருசு, ரெண்டு சிறுசு."
அதற்குப் பிறகு அந்த நம்பர் எடுக்கவில்லை.
வேம்பை அடித்தபோது
பேனா தாளைத் துளைத்து
ஸ்கூட்டி சீட்டில் ஒரு கோடு போட்டது.

பள்ளி ஆபீஸில் ஒரு பெண், சின்னவள்தான்.
"சென்னையில எங்க மேடம்?"
"பெரம்பூர் பக்கம்."

பின்சீட்டில் ஜோவிதா இருந்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.
என் இடுப்பில் இருந்த கையை மட்டும்
எடுத்துக்கொண்டாள்.

பொய் இல்லையே, பக்கம்தானே.
பெண் பார்க்க வந்தபோதும் பெரம்பூர் பக்கம்,
லேப் வேலைக்கு இன்டர்வியூ போனபோதும் பெரம்பூர் பக்கம்.
சொல்லிச் சொல்லி
அந்தப் பக்கமே தேய்ந்திருக்கும்.

இரவு விண்ணப்பம் வந்தது.
நானே எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டாள்.
கதவு எண், சந்து, குறுக்குச் சந்து,
கொருக்குப்பேட்டை என்று முழு எழுத்தும்,
அடையாளம் என்ற இடத்தில்
"ரயில்வே கேட், எப்பவும் மூடியிருக்கும்" என்றும்.
பொழுதுபோக்கு: கோல்கீப்பர்.
அது பொழுதுபோக்கு இல்லைடி என்றேன்.
ஆமாம், இல்லை, என்றாள். அழிக்கவில்லை.
படுக்கப் போகும்போது ஒன்றே ஒன்று கேட்டாள்:
"அந்த ஸ்கூல் கிரவுண்டு மண்ணா, சிமெண்டா?
விழணும்ல."

மூன்று கட்டத்தில்
எதிலும் அது இல்லை.

இன்று கேட் மூடியதும் அதே பெண்ணைக் கூப்பிட்டேன்.
ஃபீஸ் கேட்கவில்லை, ரிசல்ட் கேட்கவில்லை.
கிரவுண்டு மண்ணா என்றேன்.
"இருங்க மேடம், பார்த்துட்டு வரேன்."
ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம்.
செருப்புச் சத்தம், தூரத்தில் ஏதோ வகுப்பு வாய்ப்பாடு.
இங்கே பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது.
முப்பத்தொன்று வரை எண்ணினேன்.
"மண்ணுதான் மேடம், மழை பெஞ்சா சேறு.
அதென்ன அங்க இவ்வளவு சத்தம்?"

"கொருக்குப்பேட்டை கேட்மா.
எங்க வீடு இதைத் தாண்டித்தான்."

அது எங்கே என்று அவள் கேட்கவில்லை.
கேட் தூக்கினார்கள்.
முன்னால் மீன்பாடி வண்டி நகரவில்லை,
பின்னால் எல்லாரும் ஹாரன்.
தாளை எடுத்து
வாடகைக்குக் கீழே மண் என்று எழுதினேன்.
ஒருத்தர் கத்தினார்,
"யக்கா, வண்டிய எடு!"