முத்திரை இல்லை

கோத்தகிரி. குன்னூர் பஸ்ஸுக்கு இன்னும் ஐம்பது நிமிடம்.
காலையில் கட்டபெட்டுப் பக்கம் இரண்டு தேயிலை ஆலை,
ஒரு ரேஷன் கடை, ஒரு கறிக்கடை.
கறிக்கடையில் மட்டும் பதினைந்து கிராம் உதைத்தது.

தோள்பையில் ஐந்து கிலோ படிக்கல்,
ஈய வில்லைகள், முத்திரைக் குறடு.
மழைக்கு ஒதுங்கிய படிக்கட்டு
ஒரு அருங்காட்சியகத்தினுடையது என்று
சீட்டு கிழித்த பிறகுதான் தெரிந்தது.
இருபது ரூபாய். கேமராவுக்கு ஐம்பது.

யாரோ ஒரு துரை கட்டிய பங்களா.
சிவப்புத் தகரக் கூரை, புகையை மறந்த கணப்பு,
கால் வைக்குமுன்பே முனகும் மரத்தரை.
நடு அறையில் நீல பிளாஸ்டிக் வாளி.
அதுவும் காட்சிப் பொருளென்று
குனிந்து பெயர்ச்சீட்டைத் தேடினேன்.
பிடரியில் சொட்டியது கூரை.

"அது ஜூன்ல வந்தது மேடம்" என்றான் போஜராஜ்,
பொறுப்பாளன்,
ஒரு கண் போனில்: இன்றைக்குப் பச்சைத் தேயிலை
கிலோ என்ன விலை.

கண்ணாடி விழி ஒன்று உதிர்ந்த காட்டெருமைத் தலை.
டென்னிஸ் மட்டை. துரைசானியின் தொப்பிப் பெட்டி.
பிறகு ஜன்னலோரம், கொக்கியில்,
பித்தளை முகத்தோடு ஒரு சுருள்வில் தராசு.
'கொழுந்து நிறுக்கப் பயன்பட்டது' என்றது அட்டை.

இருபத்திரண்டு வருடச் சர்வீஸ் கைக்கு
விடுமுறை தெரியாது.
முகப்பைத் துடைத்து முத்திரை தேடியது. இல்லை.
"தொடக்கூடாது மேடம்."
அடையாள அட்டையைக் காட்டினேன்.
சிரித்துக்கொண்டே நாற்காலியை நகர்த்தி வழிவிட்டான்.

படிக்கல்லை மாட்டினேன்.
ஐந்து கிலோ என்றால் பதினொரு ராத்தல்.
முள் நடுங்கி, யோசித்து,
ஒன்பதரையில் நின்றது.

பழசு, துரு என்று சொல்லலாம்.
துருவானால் தட்டினால் அசையும்.
மூன்று முறை தட்டினேன். ஒன்பதரை.
வயதான வில் தளரும். தளர்ந்த வில்
கூட்டிக் காட்டுமே தவிரக் குறைக்காது.
குறைய வேண்டுமானால் ஒருவர் அதைத் திறக்க வேண்டும்.
திருப்பினேன். பின்பக்கம் நான்கு திருகு.
நான்கின் தலையும் மழுங்கியிருந்தன,
தினம் திறக்கிற சர்க்கரை டப்பா மாதிரி.

பக்கத்துக் கண்ணாடிக்குள் செக்ரோல்.
"ரெண்டும் ஒரே பெட்டியில வந்துச்சு."
ஏதோ ஒரு மார்ச் மாதத்தில் விரித்து வைத்திருந்தார்கள்.
சாய்வான, அழகான கையெழுத்து.

மூக்காயி, இருபத்திரண்டு.
பாலாயி, பத்தொன்பது.
லச்சி, பதினொன்று.

கேட்காமலே மனசு திருத்தத் தொடங்கியது.
மூக்காயி, இருபத்தைந்தரை.
பாலாயிக்குச் சுத்தமாக இருபத்திரண்டு.
லச்சிக்குப் பின்னம் வந்தது. விட்டுவிட்டேன்.
கணப்புவரை போய்த் திரும்பி வந்தேன்.
பன்னிரண்டே முக்கால்.

சட்டப்படி பறிமுதல் செய்யலாம்.
படிவத்தில் 'உரிமையாளர் பெயர்' என்று
ஒரு கட்டம் இருக்கிறது.

போஜராஜ் படிக்கல்லைக் கையில் வாங்கிப் பார்த்தான்.
"நாங்க கொழுந்து போடுற ஃபேக்டரில
மழை நாள்ல ஈரத்துக்குன்னு
நூத்துக்குப் பத்து கழிச்சிடுவாங்க.
தராசு கரெக்டுதான் மேடம்.
நீங்க முத்திரை வெச்சதுதான்."

வாளியில் ஒரு சொட்டு. இன்னொன்று.
அவன் அதை எடுத்துப்போய்
ஹைட்ராஞ்சியாச் செடியில் கொட்டிவிட்டு வந்தான்.

வாசலில் பார்வையாளர் புத்தகம்.
'சூப்பர் பிளேஸ்.'
'கழிவறை வசதி தேவை.'
'எருமையைப் பார்த்துக் குழந்தை அழுதது, மற்றபடி நன்று.'
அதன் கீழே, கருத்து என்ற இடத்தில்,
ராத்தலுக்கு இரண்டு அவுன்ஸ் சொச்சம் குறைவு
என்று எழுதித் தேதி போட்டு
பதவியோடு கையெழுத்திட்டேன்.

பஸ் போய்விட்டிருந்தது.
பையைத் தோளில் மாட்டினேன்.
காலையில் இருந்த அதே ஐந்து கிலோ.
கனம் கூடியிருந்தது என்று சொன்னால்
என் வேலை போய்விடும்.