இருட்டாகத் தெரிவது

முன்பு இது ரொட்டி வண்டி.
கொண்டலாம்பட்டி பேக்கரி ஒன்றின்
பன்னையும் ரஸ்க்கையும் ஏழு வருஷம் சுமந்த ஆம்னி.
எத்தனை முறை கழுவி ஊற்றியும்
வெயில் ஏறினால் உள்ளே
வெண்ணிலா எசன்ஸ் வாசம்.

பின்சீட்டைக் கழற்றிப் பலகை அடித்து
மெத்தை விரித்தது சித்தேசு.
ஜன்னல் திரை அவனுடைய கைலி, நீலக் கட்டம்.
ஒற்றை அடுப்பு, தண்ணீர் கேன்,
வாந்திக்குப் பாலித்தீன் பை.
அதுவும் அவனுக்குத்தான்.
அதனால் மலைக்கு ஓட்டுவது நான்.

அடிவாரத்துச் சோதனைச் சாவடியில்
காவலர் உள்ளே எட்டிப் பார்த்து
"என்ன லோடு?" என்றார்.
"குடும்பம்" என்றேன்.

முதல் கொண்டை ஊசியில் பாட ஆரம்பித்த மிருதுளா
ஏழில் தம்பியைக் கிள்ளினாள்
பன்னிரண்டில் தூங்கிப்போனாள்.
அகரன் மட்டும் பலகை பலகையாக எண்ணி வந்து
"பதினாலு எங்கம்மா?" என்றான்.
நான் பார்க்கவில்லை.
இரண்டாவது கியர்,
எதிரே இறங்கும் பஸ்ஸின் ஹாரன்,
அதற்குமேல் எனக்கு உலகம் இல்லை அப்போது.
ஒரு வளைவைத் தொலைத்துவிட்டு
மேலே போய்ச் சேர்ந்தோம்.

மேலே ஏற்காடு இல்லை.
மூட்டம் இருந்தது.

ஏரி இருக்கவேண்டிய இடத்தில்
துடுப்புச் சத்தமும் யாரோ சிரிப்பதும்.
பகோடா பாயின்ட்டில்
கம்பியைப் பிடித்தபடி வரிசையாக நின்றோம்.
பவானியிலிருந்து வந்தவர் ஒருவர்
"நல்ல நாள்ல எல்லாமே தெரியும்ங்க" என்று
வெள்ளைக்குள் விரல் நீட்டி
ஊர் ஊராகக் காட்டினார்.
நாங்களும் தலையாட்டினோம்.
எடுத்த படத்திலெல்லாம்
ஆதார் அட்டைக்கு நின்றவர்களைப் போல
நான்கு பேர்.

நாகலூர் சாலையில் மழை பிடித்தது.
சில்வர் ஓக் மரத்தடியில் ஒதுங்கினேன்.
தட்டுவடை செட்டு அடுக்க ஆரம்பித்தான் சித்தேசு,
பீட்ரூட்டில் கை சிவக்க,
மெத்தையில் சட்னி சிந்த.
முகம் வெளுத்திருந்தாலும்
கடையில் கொடுப்பதைவிட நன்றாக அடுக்கினான்.
வேலை போன மூன்று மாதத்தில்
இவ்வளவு நேரம் போனைப் பார்க்காமல்
அவன் இருந்ததில்லை.
நான் அதைச் சொல்லவில்லை.
இன்னொன்று கேட்டேன், காரம் தூக்கலாக.

கண்ணாடியில் தட்டும் சத்தம்.
சாக்கைக் கொங்காணியாகப் போட்ட ஒரு பெண்,
காப்பித் தோட்டத்தில் வேலை விட்டு வருகிறாள்.
"பன் இருக்குங்களா?"
பக்கவாட்டில் எழுத்தை அழிக்காமல் விட்டது
எங்கள் தப்பு.
தட்டுவடை இரண்டு கொடுத்தோம்.
நனைந்தபடியே தின்று முடித்தாள்.
"மூட்டம் சாயங்காலம் கீழ எறங்கிரும்.
நீங்களும் அது கூடவே எறங்காதீங்க,
கொஞ்சம் விட்டு எறங்குங்க."
காசு எடுத்தாள். வாங்கவில்லை.
மடியிலிருந்து ஒரு ஆரஞ்சை
பானெட்டின் மேல் வைத்துவிட்டுப் போனாள்.
புளிப்பென்றால் அப்படி ஒரு புளிப்பு.

கொஞ்சம் விட்டுத்தான் இறங்கினோம்.
எட்டாவது வளைவு திரும்பியதும்
வெள்ளை கிழிந்து
சேலம் மொத்தமும் கீழே எரிந்துகொண்டிருந்தது.
ஓரம் கட்டினேன்.
பின்சக்கரத்துக்குக் கல் வைத்தான் சித்தேசு.

"அது அஞ்சு ரோடு, பாலம் பாரு."
"அது ஜங்ஷன்."
"அப்ப நம்ம வீடு?"
பொன்னம்மாபேட்டை இருக்கவேண்டிய இடத்தை
நால்வரும் தேடினோம்.
விளக்குகளுக்கு நடுவே
யாரோ கட்டை விரலால் அழுத்தித் துடைத்தது போல
ஒரு கறுப்பு.

"கரண்ட் போயிருக்கு" என்றான் அவன்.
எனக்கு முதலில் வந்தது
ஃப்ரிட்ஜில் வைத்த மாவு.
மிருதுளா குதித்தாள்:
"அப்ப கரெக்டா தெரியுது!
இருட்டா இருக்கறதுதான் நாம."

இன்று பூராவும்
ஒன்றையும் சரியாகப் பார்க்கவில்லை நாங்கள்.
இதைப் பார்த்தோம்.

"வர்ற வரைக்கும் இருக்கலாம்மா" என்றார்கள் பிள்ளைகள்.
இருந்தோம்.
எஞ்சின் ஆறும் டிக் டிக்.
நனைந்த மெத்தையிலிருந்து மறுபடி
லேசாக அந்த பன் வாசம்.
சித்தேசு என் தோளில் சாய்ந்திருந்தான்,
மயக்கமா தூக்கமா தெரியவில்லை.

அகரன்தான் கேட்டான்,
இறங்கும்போது பதினாலைப் பார்த்தாயா என்று.