கூத்தாநல்லூரில் ஒரு கணப்பு

வாடகைக்கு வீடு பார்க்கப் போன அன்றே
கூடத்தின் மேற்குச் சுவரில் அது நின்றது.
ஆள் உயரத்துக்குச் செங்கல்,
நடுவில் ஒரு வாய்.
பூச்சு இல்லை. ஒவ்வொரு வரிசையிலும்
சிமென்ட் பிதுங்கிக் காய்ந்திருந்தது,
அவசரமாகத் தைத்த சாக்கு மாதிரி.

"என்னங்க இது, சூளையா?" என்றார் தியாகு.
"ஃபயர்பிளேஸ்" என்றார் தரகர் ஜபருல்லா,
யாருக்கோ வந்த நோயின் பேரைச் சொல்வதுபோல்
குரலைத் தாழ்த்தி.

வீட்டுக்காரர் அப்துல் வதூது
முப்பது வருஷம் கிளாஸ்கோவில் இருந்தவர்.
கட்டியவர் வடபாதிமங்கலத்துக் கொத்தனார்.
போட்டோவில் மட்டுமே பார்த்த ஒன்றை
தனக்குத் தெரிந்த இரண்டால் கட்டினார்:
பாதி சூளை, பாதி மதகு.

வெண்ணாற்றில் தண்ணீர் வந்தால் புழுக்கம்,
வராவிட்டால் வெக்கை.
மார்கழியிலும் மின்விசிறி மூன்றில் ஓடும் ஊர்.

இரண்டு வருஷம்
அதற்கு முதுகு காட்டியே சோபாவைப் போட்டிருந்தோம்.
எதிர் நாற்காலியில் உட்கார்ந்தவர்கள்
எங்களோடு பேசிக்கொண்டு
அதையே பார்த்தார்கள்.
எங்கள் மேலாளர் காப்பி ஆறும்வரை பார்த்துவிட்டு
"திருஷ்டிக்கா?" என்றார்.

மார்ச் கணக்கு முடித்த களைப்பு தீர்ந்து
ஒரு சனிக்கிழமை வதூதுக்கு எழுதினேன்:
வெள்ளை அடித்துக்கொள்ளலாமா?
இரண்டு நீலக் கோடு விழுந்தது.
பதில் இல்லை.
மறுப்பும் இல்லை என்று
மன்னார்குடிக்குப் பஸ் ஏறினேன்.

"செங்கல்லா? குடிக்கும் மேடம்" என்றான் கடைப்பையன்.
"ப்ரைமர் ரெண்டு கை குடுத்துட்டு
அப்புறம் எமல்ஷனத் தொடுங்க."
அட்டையில் வெள்ளையிலேயே பதினான்கு இருந்தது.
நான் மோர் நிறத்தை எடுத்தேன்.
அது மோர் இல்லை, நேற்றைய மோர் என்றார் தியாகு.

ஞாயிறு முழுக்கக் கம்பி பிரஷ்.
சிவப்புத் தூள்
மூக்கில், இட்லி மாவில்,
அகிலனின் கணக்கு நோட்டில்.
முதல் கையைச் செங்கல் குடித்தது,
குறுவைக்குத் திறந்த தண்ணீரை
வெடித்த வயல் குடிப்பதுபோல்,
சத்தமில்லாமல், நன்றியில்லாமல்.
சிமென்ட் மட்டும் வேண்டாமென்று வழியவிட்டது.

வாய்க்குள் தலையை விட்டுத் துடைத்தேன்.
துணி கறுத்தது.
பின்சுவரில்
இரண்டு உள்ளங்கை அகலத்துக்குக் கரி.
அலங்காரம் என்று நாங்கள் நினைத்திருந்தது
ஒருநாள் எரிந்திருக்கிறது.

சாயங்காலம் அவரே கூப்பிட்டார்.
"அடிங்கம்மா, தாராளமா அடிங்க.
பாக்கச் சகிக்கலன்னு
அவளுந்தான் சொல்லிக்கிட்டே இருந்தா."
"உள்ளே கரி இருக்குங்களே?"
கொஞ்ச நேரம் கிளாஸ்கோ இரைந்தது,
பஸ்ஸோ, காற்றோ.
"ஒரே ஒரு ராத்திரி போட்டேன்.
மே மாசம்."
"மே மாசமா?"
"ஆமாம்மா. குளிருச்சு."

அதற்குமேல் அதைப் பற்றிப் பேசவில்லை.
பின்கட்டு முருங்கை காய்க்கிறதா என்றார்.
தண்ணீர் வரி கட்டியாயிற்றா என்றார்.
இரண்டுக்கும் ஆமாம் சொன்னேன்.
வரி இன்னும் கட்டவில்லை.

மூன்றாவது கையில் அது அடங்கிற்று.
கோணல் வரிசைகள் அப்படியேதான் இருந்தன;
மாலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டும்
வேண்டுமென்றே அப்படி வைத்ததுபோல் தெரிந்தன.
சோபாவைத் திருப்பிப் போட்டோம்.

"உள்ளே ஏன் விட்டுட்டே?" என்றார் தியாகு.
பெயின்ட் தீர்ந்துபோச்சு என்றேன்.
டப்பாவில் கால் லிட்டர் கிடந்தது,
அதையும் அவர் பார்த்தார்,
மூடியை அமுக்கி மூடிவிட்டுப் போனார்.

இப்போது அதற்குள் வெங்காயக் கூடை இருக்கிறது.
காற்றோட்டம் நல்லது, முளைப்பதில்லை.
பின்சுவரை ஒட்டிக் கிடப்பவற்றில் மட்டும்
தோலில் கொஞ்சம் கரி வரும்.
கழுவிவிட்டுத்தான் நறுக்குகிறேன்.