இடப்பக்க இருக்கை

பொத்தானை அமுக்கினேன். சத்தமே இல்லை.
பழுது போல என்று இன்னொரு தடவை அமுக்கினேன்,
ஓடிக்கொண்டிருந்தது அணைந்துவிட்டது.
முதல் வாரம் முழுக்க இதே கதை.
அடியில் படுத்திருந்த குடியிருப்பு நாய்கூட ஏமாந்தது,
சக்கரம் அசைந்த பிறகுதான் எழுந்து
என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனது.

ஜப்பானில் யாரோ பதினொரு வருடம் ஓட்டித் தீர்த்த வண்டி.
உலான்பாத்தரில் இதற்குப் பெயர் புது வண்டி.
நான்கு சக்கரத்துக்கும் ஷக்தர் பால் தெளித்தான்.
மைனஸ் முப்பத்திரண்டு.
டயரில் வெள்ளைப் பொட்டுகளாய் இறுகிய பாலோடு
மார்ச் வரை ஓடினேன்.

இடது பக்கம் திரும்ப விளக்கைப் போட்டால்
காய்ந்த கண்ணாடியை வைப்பர் வறட் வறட்டென்று தேய்க்கிறது.
பின்னால் வருகிறவர்களுக்கு
நான் திரும்பப் போவது தெரியாது.
மழை வரும் என்று நம்புகிறவள்
என்பது மட்டும் தெரியும்.

ரிவர்ஸ் எடுத்தால் பிப் பிப்.
வெளியே நிற்கிறவர்களுக்கு இல்லை, உள்ளே, எனக்கு.
எடுப்பதே நான்தானே அம்மா.

கணவாய் உச்சியில் நீலத் துணி சுற்றிய கற்குவியல்,
ஓவோ.
கடக்கும்போது மூன்று முறை ஹாரன் அடிக்க வேண்டும்.
எங்கள் பழைய ரஷ்ய ஜீப் அடித்தால் மலை திரும்பிப் பார்க்கும்.
இது தும்முகிறது,
அதையும் கையால் வாயைப் பொத்திக்கொண்டு.

திரையில் ஊர் இல்லை, தெரு இல்லை,
எல்லாம் நீலம். நடுவில் சிவப்பு அம்பு, அது நான்.
கடலே இல்லாத நாட்டில்
தினமும் கடல்மேல் வேலைக்குப் போய் வருகிறேன்.

கிளம்பும்போதெல்லாம் ஒரு பெண் குரல் ஏதோ சொல்லும்.
அவ்வளவு மரியாதையான குரல்.
பார்த்துப் போ என்கிறாள் என்று எடுத்துக்கொண்டேன்.
சரிம்மா, என்பேன்.
மூன்றாம் மாடி ஸோல்சாயா நகோயாவில் படித்தவள்,
ஒருநாள் ஏறினாள், கேட்டாள், சிரித்தாள்:
"கார்டு செருகப்படவில்லை என்கிறாள் அக்கா.
சுங்கச்சாவடி கார்டு."
ஐந்து மாதமாய்ச் சரி சரி என்று சொல்லிவிட்டு
செருகாமலே போயிருக்கிறேன்.
இப்போது பதிலை மாற்றிக்கொண்டேன்.
"இல்லைம்மா" என்கிறேன்.
அடுத்த நாளும் கேட்கிறாள்.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்று.

சாலையில் நாம் போவது வலது ஓரம்,
ஸ்டியரிங்கும் வலதில்.
முன்னால் லாரி என்றால்
எதிரே வருவது தெரிய
இடப்பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும்.
ஷக்தர் கழுத்தை நீட்டிப் பார்ப்பான்.
"பொறு."
"பொறு."
"போ."
இருபத்தாறு வருட வாழ்க்கையில்
அவன் சொன்னதை இத்தனை வேகமாக
நான் வேறெங்கும் கேட்டதில்லை.
அவனும் வேறெங்கும் இத்தனை சரியாகச் சொன்னதில்லை.

பதினான்கு நாள் கோபியில் சுரங்க வேலை,
பதினான்கு நாள் வீடு.
இது சுரங்கத்து நாட்கள்.

பகனூர் ஆஸ்பத்திரிக்கு நான் செய்த பல் செட்டுகள்,
இருபத்திரண்டு பேருடையவை,
ஒரு பெட்டியில், அவன் இருக்கையில்.
பெட்டியின் கனத்தை ஆள் என்று எண்ணி
பெல்ட் போடு போடு என்று வண்டி அலறியது.
போட்டுவிட்டேன்.

நலைக் தாண்டியதும் லாரி.
தார்ப்பாய் படபடக்கிறது, மணிக்கு நாற்பது.
எதிரே சாலை காலியாகத்தான் இருக்கும்.
இருக்கலாம்.
பெட்டியைப் பார்த்தேன்.
அத்தனை பற்கள் இருந்தும்
ஒரு வார்த்தை வரவில்லை.

தொண்ணூறு கிலோமீட்டர் அந்தத் தார்ப்பாயைப் பார்த்தபடியே போனேன்.
ஆஸ்பத்திரி வாசலில் அணைத்ததும்
திரையில் பச்சையாய் ஒரு இலை துளிர்த்தது,
பக்கத்தில் ஒரு எண்.
வண்டி வாங்கிய நாளிலிருந்து
இவ்வளவு குறைவாகப் பெட்ரோல் குடித்ததில்லையாம்.
பாராட்டுகிறது.