முகப்பு எண் மூன்று

திங்கட்கிழமை, பகாவ் நில அலுவலகம், டோக்கன் எழுபத்தொன்று.
நீள உறை ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றார்.
"பிள்ளை, ஒரு சாமான் எடுத்தனான்."

வாய் யாழ்ப்பாணம் என்றது.
கடப்பிதழ் பிரிட்டன் என்றது.
அருள்நேசன் ஞானப்பிரகாசம்.
சுற்றுப்பயணி. இன்னும் பதினோரு நாள்.

கைக்குட்டையைப் பிரித்தார்.
பித்தளை வில்லை, மேலே ஓர் ஓட்டை,
இருநூற்றுப் பதினாலு என்று குத்தியிருந்தது.
கெலமா தோட்டத்தில், பழைய லயம் இருந்த பக்கம்,
செம்பனைக்கு அடியில், முழங்கை ஆழம்.
பெரட்டுக்கு நின்ற ஆளின் எண்ணா,
மாட்டின் கழுத்தில் கிடந்ததா,
எனக்கும் தெரியாது. பாரத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

யாரைக் கேட்டுத் தோண்டுனீங்க?
"காவலாளியை. தலையாட்டினவர்."
அந்தக் காவலாளி வந்து மூன்று வாரம்.
எந்த மொழியில் எதைக் கேட்டாலும்
இப்போதைக்குத் தலைதான் ஆட்டுகிறார்.

அவர் இருக்கும் ஊரில்
வயல்காரர் சரி என்றால் கருவியை இறக்கலாமாம்,
புதையல் என்றால் மட்டும் அதிகாரியிடம் ஓட வேண்டுமாம்.
நான் சொன்னேன்:
இங்கே மேலே நிற்கும் மரம் கம்பெனிக்கு,
கீழே கிடக்கும் பழசு சட்டத்துக்கு.
மாநிலம் ஒரு கை வைக்கும், கூட்டரசு ஒரு கை.
விசா உங்களை நடக்க விட்டிருக்கு ஐயா,
தோண்ட விடல.
இதைப் பெட்டிக்குள் சுருட்டி விமானம் ஏறியிருந்தால்
இந்நேரம் வேறொரு முகப்பில் நிற்பீங்க,
அங்கே டோக்கன் தரமாட்டாங்க.

"விளங்குது. சட்டத்தை இரவுதான் வாசிச்சனான்."
தோண்டுறதுக்கு முன்னாலயா?
கொஞ்ச நேரம் வில்லையைப் பார்த்தார்.
"தோண்டினாப் பிறகு."

பாரத்தின் நாலாவது வரி: கண்டெடுத்த இடம்.
அதைக் கைக்குட்டையில் கட்டிவர முடியாது.
அலுவலக ஹைலக்ஸில் போனோம், நானும் ஹம்டானும் அவரும்,
மழை வரப் பார்த்துக்கொண்டிருந்தது.
பின் சீட்டிலிருந்து, கேட்காமலே, சொன்னார்:
"எங்கட ஊரில இந்த மிசின் பிடிச்ச ஆக்கள்
சத்தம் கேட்டால் உறைஞ்சு நிப்பினம்.
சத்தம் கேட்டால் சந்தோசமாய்க் குந்த வேணும்.
அதுக்காண்டித்தான் வாங்கினனான்."
ஹம்டானுக்குத் தமிழ் தெரியாது.
நான் மலாயில் சொல்லத் தொடங்கி, நிறுத்திக்கொண்டேன்.

செம்பனை வரிசை ஒன்றைப் போலவே அடுத்தது.
இது என்றார். இல்லை, அது என்றார்.
தரை முழுக்கக் குழி.
காட்டுப்பன்றி இரவெல்லாம் கிளறியிருந்தது,
அனுமதி கேட்காமல், பாரம் நிரப்பாமல்.
எந்தக் குழி மனுசக் குழி என்று
மூன்று பேரும் குனிந்து குனிந்து தேடினோம்.
அவர் மெதுவாகச் சொன்னார்,
"எடுக்க முந்தி ஒரு படமாவது எடுத்திருக்கலாம்."
ஆமாம் என்று சொல்லவில்லை. மழை பிடித்துக்கொண்டது.

நாலாவது வரியில் எழுதினேன்:
மூன்றாவது டிவிஷன், ஏறக்குறைய.
இந்த ஏறக்குறைய மேலதிகாரிக்குப் பிடிக்காது.
வில்லை உறைக்குள், உறை இரும்புப் பெட்டிக்குள்.
விசாரணை முடியும்வரை கருவியும் எங்களிடம்.
ரசீதை நாலாய் மடித்துச் சட்டைப்பையில் வைத்து
பஸ் நிலையத்துக்கு வழி கேட்டார்.
பக்கத்துக் கடையில் கோப்பி நல்லா இருக்கும் என்றேன்.
அது மட்டும்தான் அன்றைக்கு நான் தந்த நல்ல செய்தி.

ஐந்தரை மணி. எல்லாரும் போயாச்சு.
சும்மா, ஒரு தரம், பொத்தானை அழுத்தினேன்.
நாற்காலிக் காலுக்கு ஒரு முனகல்.
என் சாவிக்கொத்துக்கு ஒரு கீச்சு.
சுவரோரம் திருப்பினேன்,
இந்த மாவட்டத்து நிலப்பட்டாவெல்லாம் அடுக்கிய
பச்சை இரும்பு அலமாரி பக்கம்.

கத்த ஆரம்பித்தது.
எந்தப் பொத்தான் அணைக்கும் என்று
அவரிடம் கேட்டு வைக்கவில்லை.